ஏதென்ஸ்: மலையை முதலில் ஏறுவதா, கடைசியில் ஏறுவதா?

கேள்வி: 8 பிப்ரவரி 2026

மார்ச் 24 பிற்பகல் ஏதென்ஸில் இறங்குகிறோம். 27 காலை சாந்தோரினிக்குக் கப்பல். உடன் வருபவர்கள் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சைவம். பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் மலையைப் பார்த்துவிட்டால் ஏதென்ஸ் முடிந்தது, மற்றதெல்லாம் உடைந்த தூண்கள், அரை நாளுக்கு மேல் அந்த ஊருக்குக் கொடுப்பது வீண் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். 25ஆம் தேதி காலை முதல் வேலையாக மலை ஏறிவிட்டு, 26 அன்று டெல்பிக்குப் போய்வரலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: 8 பிப்ரவரி, இரவு

முதலில் தேதியைப் பாருங்கள். மார்ச் 25 கிரேக்கர்களின் தேசிய நாள். 1821இல் உதுமானியர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததைக் கொண்டாடும் நாள் என்பதால், அன்று அக்ரோபோலிஸ் உட்பட அரசுத் தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும். நீங்கள் காலையில் போய்ப் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். அடிவாரத்திலுள்ள அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் தனி நிர்வாகத்தின்கீழ் இருப்பதால் அந்த நாளில் திறந்திருப்பதும் கட்டணமின்றி அனுமதிப்பதும் வழக்கம். அதை மட்டும் அவர்களுடைய இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிந்தக்மா சதுக்கத்தில் இராணுவ அணிவகுப்பு நடக்கும். அதனால் நகர நடுவில் பல சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

டெல்பியைக் கைவிடுங்கள். முழங்கால் வலியுள்ளவரைப் பேருந்தில் அவ்வளவு தொலைவு அழைத்துப்போய் மலைச்சரிவில் ஏறச் சொல்வது நியாயமில்லை.

9 பிப்ரவரி

நண்பர்கள் சொன்ன அந்த அரை நாள் கணக்குக்கு வருகிறேன். நான் கப்பல் பொறியாளராக இருந்தவன். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸுக்கு அடுத்துள்ள பெராமாவில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டபோது, வேலையில்லாத நாட்களில் மின்தொடர் வண்டி ஏறி ஏதென்ஸுக்கு வந்து நேரம் போக்கியவன் என்பதால், சுற்றுலாக்காரர்களின் அவசரம் எனக்கு இருந்ததில்லை. அந்த நிதானத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: அக்ரோபோலிஸை முதலில் பார்ப்பவர்களுக்குத்தான் மற்றதெல்லாம் உடைந்த தூண்களாகத் தெரிகின்றன. மலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே பழைய சந்தைவெளியான அகோரா, இடுகாடான கெராமெய்க்கோஸ், மக்கள் சபை கூடிய ப்னிக்ஸ் குன்று ஆகியவற்றில் அந்த ஊர் மக்கள் வாழ்ந்த, வழக்காடிய, வாக்களித்த, செத்த இடங்களைப் பார்த்தபின் மேலே ஏறினால், யார், எந்தப் பணத்தில், எந்தத் துணிச்சலில் அதைக் கட்டினார்கள் என்பது புரியும். முதலிலேயே ஏறினால் ஒரு நல்ல புகைப்படம் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் இன்று காணும் வெறிச்சோடிய, பளிங்கு மட்டுமே மிஞ்சிய அக்ரோபோலிஸ் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த ஒரு முடிவின் விளைவு. 1834இல் நாப்ளியோவிலிருந்து தலைநகரை ஏதென்ஸுக்கு மாற்றியபோது அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். மலைமேல் வீடுகள் இருந்தன, அங்குள்ள பெரிய கோயிலான பார்த்தெனானுக்குள் ஒரு சிறிய மசூதி இருந்தது, நுழைவாயிலை ஒட்டி இடைக்காலத்தில் கட்டிய உயரமான காவற்கோபுரம் இருந்தது. பவேரியாவிலிருந்து வந்த இளம் மன்னர் ஓட்டோவும், அவருக்கு ஆலோசனை சொன்ன கட்டடக் கலைஞர் லியோ வான் கிளென்சேயும், பிற்காலத்தில் சேர்ந்த யாவற்றையும் நீக்கிப் பழைய கிரேக்கத்தை மட்டும் நிறுத்த வேண்டும் என்று தொடங்கிவைத்தார்கள். அந்தக் கோபுரத்தை 1875இல் இடித்தார்கள். செலவை ஏற்றவர் பழைய டிராய் நகரைத் தோண்டிய ஷ்லீமான். பார்த்தெனான் கோயிலாக இருந்து, மாதா கோயிலாகி, மசூதியாகி, வெடிமருந்துக் கிடங்காகி, 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறிய கட்டடம். அத்தனை வாழ்ந்த ஒன்றை, அதைக் கட்டுவித்த தலைவர் பெரிக்ளீஸின் காலத்துக்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

10 பிப்ரவரி

இந்த இழையில் வேறொருவர் “30 யூரோவுக்கு ஒருங்கிணைந்த சீட்டு வாங்கினால் ஏழு இடங்களையும் பார்க்கலாம்” என்று எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அக்ரோபோலிஸ் மட்டுமே 30 யூரோ. மற்ற இடங்களுக்குத் தனித்தனியே வாங்க வேண்டும். நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் மணிவாரியான நுழைவு நேரமும் 2023 முதல் உள்ளன. ஆகவே 26 காலை அகோரா, பிற்பகல் மலை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பிற்பகலுக்கான நேரச்சீட்டை இப்போதே இணையத்தில் எடுத்துவிடுங்கள். மார்ச் முடியும்வரை குளிர்கால நேரம் நடைமுறையில் இருக்கும். கோடைக்காலம்போல் இரவு எட்டுவரை இருக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

10 பிப்ரவரி, சற்றுப் பிறகு

நுழைவாயில் இரண்டு. பெருங்கூட்டம் மேற்கு வாயிலில் நிற்கும். தென்கிழக்கு வாயில் அக்ரோபோலி மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ளது. அந்த வழியில் போனால் தியோனிசஸ் அரங்கம் வழியிலேயே வரும். ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ் ஆகியோரின் நாடகங்கள் முதன்முதலாக அரங்கேறிய சரிவு அது. மேற்கு வாயிலில் ஏறி அதே வழியில் இறங்குபவர்கள், அதே சீட்டில் அடங்கிய இதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். முதல் வரிசையில் குருமார்களுக்கான பளிங்கு இருக்கைகளில் அவரவர் பதவிப் பெயர் வெட்டப்பட்டிருக்கும். நடுவில் உள்ளது தியோனிசஸின் குருவுக்கு. முன்வரிசைக்காக அடித்துக்கொள்ளும் பழக்கம் நாம் கண்டுபிடித்ததன்று.

12 பிப்ரவரி

“எப்போது போனாலும் சாரம் கட்டி வைத்திருக்கிறார்கள், ஐம்பது ஆண்டுகளாக என்னதான் செய்கிறார்கள்” என்று கேட்டவருக்கு. இது என் தொழிலுக்கு நெருங்கிய விஷயம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

பார்த்தெனானில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து கிடையாது. பெண்டெலி மலையிலிருந்து கொண்டுவந்த பளிங்குப் பாளங்களை மயிரிழை நுழையாதபடி இழைத்து அடுக்கி, பக்கத்துக் கற்களை இரும்புப் பற்றுக்கம்பிகளால் பிணைத்தார்கள். அந்த இரும்பைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றி மூடினார்கள். ஈயம் நீரையும் காற்றையும் அண்டவிடாது. நிலநடுக்கத்தில் சற்று இளகியும் கொடுக்கும். அதனால்தான் பல கம்பிகள் இருபத்து நான்கு நூற்றாண்டுகளாகத் துருப்பிடிக்காமல் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் விழுந்துகிடந்த தூண்களை எடுத்து நிறுத்தினார். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான்; ஆனால் அவர் வைத்த புதிய இரும்புக்கு ஈயப் பூச்சு இல்லை. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. கப்பலில் தட்டுகளுக்கு நடுவே துரு ஏறினால் தடித்த எஃகையே நெளித்துத் தள்ளிவிடும், பளிங்கு எம்மாத்திரம்? கற்கள் உள்ளிருந்தே வெடித்தன. பல கற்கள் அவற்றுக்குரிய இடத்தில் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது.

1975இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தார்கள். அன்று தொடங்கி இன்றுவரை நடப்பது பெரும்பாலும் இந்தப் பிழைத்திருத்தம்தான்: ஒவ்வொரு கல்லையும் இறக்கி, பழைய இரும்பைத் தோண்டியெடுத்து, டைட்டேனியம் கம்பிகளை வைத்து, கல்லின் உண்மையான இடம் எது என்று கண்டுபிடித்து, மறுபடி ஏற்றுகிறார்கள். டைட்டேனியம் துருப்பிடிக்காது, வெயிலில் அது விரிவதும் பளிங்கு விரிவதும் ஏறத்தாழ ஒத்துப்போகும். குறைகிற இடத்தை அதே பெண்டெலிப் பளிங்கால் ஒட்டுப்போடுகிறார்கள். பழைய கல் அதிலுள்ள இரும்புச் சத்தால் தேன்நிறம் ஏறியிருக்கும். ஒட்டு பால் வெள்ளையாகத் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால், உடைந்த பழைய விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏற்றபடி புதிய கல்லைச் செதுக்கியிருப்பது தெரியும். பழைய கல்லில் உளி படவே இல்லை. வருங்காலத்தில் இதைவிடச் சிறந்த வழி கிடைத்தால் ஒட்டைக் கழற்றிவிடலாம். ஆக, சாரத்தைக் குறையாக எண்ணாமல் அதைத்தான் பாருங்கள் என்பேன்.

12 பிப்ரவரி, இரவு

விட்டுப்போன ஒன்று. பார்த்தெனானின் அடித்தளப் படி நேர்கோடு போலத் தோன்றும். மூலையில் குனிந்து, படியின் விளிம்பை ஒட்டிக் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். சுமார் 70 மீட்டர் நீளத்தில் நடுப்பகுதி ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். கப்பலின் மேல்தளத்தில் தண்ணீர் வழிந்தோட நடுவில் வைக்கும் மேட்டைப் போல. தூண்களும் செங்குத்தாக இல்லை. எல்லாம் உள்நோக்கிச் சற்றே சாய்ந்தவை. அப்படியென்றால் தூண்களின் அடியிலும் தலையிலும் உள்ள கற்களில் ஒன்றுகூட நேர்ச்சதுரமாக இருக்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். இதைக் கி.மு. 447இல் தொடங்கி, ஒன்பதே ஆண்டுகளில் கட்டடமாக முடித்துவிட்டார்கள். சிற்பங்கள் 432 வரை நீண்டன. பழுதுபார்ப்பு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

14 பிப்ரவரி

உடைந்த தூண்கள் பற்றி. அகோராவில் போய்ப் புல்லுக்கு நடுவே கற்களை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஹெஃபைஸ்டோஸ் கோயில் ஒன்றுதான் கூரையோடு முழுமையாக நிற்கிறது. அது நூற்றாண்டுகளாகத் தேவாலயமாகப் பயன்பட்டதால் பிழைத்தது. ஆனால் அங்குள்ள நீண்ட தூண்மண்டபத்துக்குள் போகாமல் வெளியேறிவிடாதீர்கள். அத்தாலோஸ் மண்டபம் எனப்படும் அது, 1950களில் அமெரிக்கத் தொல்லியல் பள்ளி பழைய அடித்தளத்தின்மேல் முழுவதுமாகத் திரும்பக் கட்டியது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் சிறியது. என்னைக் கேட்டால், ஏதென்ஸில் ஒரே ஓர் அறைக்குத்தான் நேரம் என்றால் அதற்குத்தான் கொடுப்பேன்.

அங்கே பார்க்க வேண்டியவை கைக்கு அடங்கும் பொருள்கள். நடுவர்கள் வாக்களித்த வெண்கலச் சக்கரங்கள் இருக்கின்றன. சிறிய தட்டையான வட்டு, நடுவில் ஒரு குட்டி அச்சு. அச்சு கெட்டியாக இருந்தால் எதிர்த்தரப்புக்கு ஆதரவு. துளையுள்ள குழலாக இருந்தால் வழக்குத் தொடுத்தவருக்கு ஆதரவு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அச்சின் இரு முனையையும் மூடிப் பிடித்துக்கொண்டு போட்டால், பக்கத்தில் நிற்பவனுக்கு எது என்று தெரியாது. இரகசிய வாக்கெடுப்புக்கு இதைவிட எளிய கருவியை நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே, பேச்சாளருக்கான நேரத்தை அளந்த மண்பானைத் தண்ணீர்க் கடிகாரம். அடியிலுள்ள துளை வழியாக நீர் வடிந்து தீர ஏறத்தாழ ஆறு நிமிடம். நடுவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட, வரிவரியாகப் பிளவுகள் வெட்டிய பளிங்குப் பலகை ஒன்று. (உத்திரமேரூர்க் குடவோலையைக் கொண்டுவர யாராவது காத்திருப்பீர்கள், தயவுசெய்து அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.)

பிறகு, பெயர் கீறிய பானையோடுகள். ஊரைவிட்டுப் பத்தாண்டு விலக்கிவைக்க வேண்டியவரின் பெயரை ஓட்டில் கீறிப் போடும் முறை அது. சாலமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்லீஸின் பெயர் பல ஓடுகளில் இருக்கும். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றில் அவர் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் ஒன்றாகக் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தால் வெறும் 14 பேர் எழுதியவை. முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகம் செய்ய வைத்திருந்தார்கள் போலும். மக்களாட்சியின் தொட்டில் என்று சும்மாவா சொல்கிறார்கள். தேர்தல் தில்லுமுல்லும் அதே தொட்டிலில்தான் கிடந்தது.

15 பிப்ரவரி

மலையைத் துடைத்துவிட்டார்கள் என்று 9ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். அதில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. அந்தக் கோபுரத்தையும் வீடுகளையும் இடித்திராவிட்டால், அவற்றின் சுவர்களுக்குள் புதைந்திருந்த பழைய கற்கள் வெளிவந்திருக்க முடியாது. மலைமேலுள்ள நிக்கே கோயில் முழுவதுமே, உதுமானியர்கள் பிரித்துக் கொத்தளத்தில் அடுக்கியிருந்த கற்களை 1830களில் எடுத்து மறுபடி கட்டியதுதான். அகோராவிலும் அப்படியே, 1931இல் தோண்டத் தொடங்குவதற்காக, அங்கிருந்த ஒரு முழுக் குடியிருப்பையே வாங்கி இடித்தார்கள். நான் சற்று முன்பு அவ்வளவு புகழ்ந்த வாக்குச் சக்கரங்களும் ஓடுகளும் அந்த இடிப்பு இல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்திருக்க முடியாது. அந்த வீடுகளில் இருந்தவர்களை நினைத்தாலும் மனம் ஒப்பவில்லை, ஓடுகளை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் அப்படியே வைத்துவிடுகிறேன்.

இடிபடாமல் தப்பிய ஏதென்ஸைப் பார்க்க விரும்பினால் அக்ரோபோலிஸின் வடகிழக்குச் சரிவிலுள்ள அனாஃபியோத்திக்காவுக்குப் போகலாம். மன்னருக்கு அரண்மனை கட்ட அனாஃபி தீவிலிருந்து வந்த கொத்தனார்கள் தமக்காகக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வெள்ளை வீடுகள். சந்து ஓராள் நடக்கும் அகலம்தான். அம்மாவுக்கு வேண்டாம், படிகள் அதிகம்.

17 பிப்ரவரி

முழங்கால் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மலையின் வடபுறத்தில் 2020இல் புதிய மின்தூக்கி வைத்தார்கள். அது சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஏற இயலாதவர்களுக்கும் உரியது. களைத்துப்போனவர்கள் ஏறிக்கொள்ளும் வசதியாக அதை நினைக்க வேண்டாம். அம்மாவின் நிலையைச் சொல்லி முன்கூட்டியே தொடர்புகொண்டு கேளுங்கள். அதே காலத்தில் மலைமேல் கான்கிரீட் நடைபாதையும் போட்டார்கள். பழைய பாறையைச் சிமெண்டால் மூடுவதா என்று பெரிய கூச்சல் எழுந்தது. நானும் திட்டியவர்களில் ஒருவன். பிறகு ஒருமுறை, ஊன்றுகோலோடு ஒரு வயதான கிரேக்கப் பெண்மணி அந்தப் பாதையில் யார் கையையும் பிடிக்காமல் எரெக்தியான் கோயிலில் தூண்களாக நிற்கும் கன்னிச் சிலைகள் வரை நடந்துபோனதைப் பார்த்தேன். பாதை இன்னமும் அழகாக இல்லை. ஆனால் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

(அந்தச் சிலைகள் நகல்கள். ஆறில் ஐந்து அசல்கள் அருங்காட்சியகத்தில். ஆறாவது, எல்கின் பிரபு எடுத்துப்போனது, லண்டனில். அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுற்றிவந்து முதுகுப்புறத்தையும் பார்க்கலாம். பின்னிய சடை அங்கேதான் தெரியும், அசல் இடத்தில் நின்றபோது அது பார்வைக்குக் கிடைத்திருக்காது.)

காலணி: ரப்பர் அடி கட்டாயம். வாயிலருகே பளிங்கு பல தலைமுறைக் கால்களால் வழுவழுப்பாகியிருக்கும். தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதாகிவிடும். அரேயோபாகுஸ் பாறையில் இன்னும் மோசம், அம்மாவை அதில் ஏற்றவே வேண்டாம். அதற்குப் பதில் ஃபிலோபாப்போஸ் குன்றுக்குப் போகும் பாதையில் மெதுவாக நடங்கள். 1950களில் திமித்ரிஸ் பிக்கியோனிஸ் என்ற கட்டடக் கலைஞர், இடிக்கப்பட்ட வீடுகளின் வாசற்கற்களையும் உடைந்த பளிங்கையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாவிய பாதை அது. நடந்துகொண்டே கீழே பாருங்கள்: ஒரு சன்னல் நிலையின் துண்டு, ஒரு படிக்கல், அடுத்து வெறும் பாறை. கட்டணமும் இல்லை, பூட்டும் இல்லை. 25ஆம் தேதிக்கு ஏற்றது. அங்கிருந்து ப்னிக்ஸ் குன்று பக்கம்தான். ஏதென்ஸ் மக்கள் சபை கூடிய வெளியும், பாறையில் வெட்டிய பேச்சாளர் மேடையும் அங்கே உள்ளன. அந்த மேடைக்கு எதிரே நின்றால் அக்ரோபோலிஸ் முழுதாகத் தெரியும்.

18 பிப்ரவரி

சாப்பாடு. உங்களுக்கு அதிர்ஷ்டம். இந்த ஆண்டு கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் ஏப்ரல் 12. ஆகவே நீங்கள் போகும்போது தவக்காலம் நடக்கும். விரத உணவைக் கேட்க “நிஸ்டீசிமோ” என்று சொன்னால் போதும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகியவற்றில் இரத்தமில்லை என்பதால் விரதத்தில் அனுமதி உண்டு. இதைத் தெளிவாக மறுக்காவிட்டால் அம்மாவின் தட்டில் கணவாய் வந்து உட்காரும். இளஞ்சிவப்பாகவோ வெளிறியோ ரொட்டியோடு வரும் தாரமாசலாத்தா மீன்முட்டையில் செய்தது, தொட வேண்டாம். கிகாந்தெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் அடுப்பில் வாட்டித் தருவார்கள். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை மசித்து எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்தது. திராட்சை இலைப் பொட்டலத்தில் “யலாந்த்ஸி” வகை வெறும் அரிசி. மார்ச் 25 அன்று மட்டும் ஊர் முழுவதும் பொரித்த மீனும் பூண்டு மசியலும்தான். அன்றைக்கு மதியம் எள் தூவிய குலூரி என்ற வளைய ரொட்டியும் பழமும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

20 பிப்ரவரி

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு நேரம் கிடைக்குமா என்றால், 26 காலை அகோராவுக்குப் பதிலாக அதை வைக்கலாம். இரண்டையும் ஒரே காலையில் திணிக்க வேண்டாம். அங்கே கூட்டம் அகமெம்னோன் முகமூடி எனப்படும் தங்கத் தகட்டின் முன் நிற்கும். நான் நிற்பது பச்சை படிந்த வெண்கலக் கட்டிகளின் முன்னால். 1901இல் அந்திக்கிதேரா தீவருகே, கடற்பஞ்சு எடுப்பவர்கள் மூழ்கிய கப்பலிலிருந்து மேலே கொண்டுவந்தவற்றில் இருந்தது, சூரிய சந்திர ஓட்டத்தைக் கணித்த அந்தப் பற்சக்கரக் கருவி. மிஞ்சிய துண்டுகளில் முப்பது பற்சக்கரங்கள். ஒன்றில் 223 பற்கள். கிரகணங்கள் திரும்ப வரும் சுழற்சியிலுள்ள சந்திர மாதங்களின் எண்ணிக்கை அது. சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதைக் காட்ட, ஒரு சக்கரத்திலுள்ள முளை இன்னொரு சக்கரத்தின் காடியில் சறுக்கும்படி, இரண்டின் மையத்தையும் சற்றே விலக்கி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே படங்கள் பக்கத்தில் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டுக் கட்டியைப் பார்த்தால்தான் பற்கள் கண்ணுக்குப் பிடிபடும். வாழ்நாள் முழுவதும் பல்லிணைப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிய என்னால் அந்தக் கண்ணாடியைவிட்டு எளிதில் நகர முடியவில்லை.

21 பிப்ரவரி

காசில்லாத அருங்காட்சியகம்: சிந்தக்மா மெட்ரோ நிலையம். 2000இல் திறந்த பாதைகளுக்காகத் தோண்டியபோது கிடைத்த மண்ணடுக்குகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே விட்டிருக்கிறார்கள்; ஒரு புதைகுழியும் நீர்க்குழாயும் சுவரில் தெரியும். மொனாஸ்திராக்கி நிலையத்தில் எரிதனோஸ் ஓடையைக் கீழே பார்க்கலாம். அதே ஓடை கெராமெய்க்கோஸ் இடுகாட்டில் வெளியே வந்து ஓடுகிறது, ஆமைகள் உண்டு. இந்தத் தோண்டலின்போதுதான் அந்த இடுகாட்டை ஒட்டி, கி.மு. 430இல் ஊரை அழித்த கொள்ளைநோயில் செத்தவர்களை வரிசையின்றிப் போட்ட குழி அகப்பட்டது. நோய் மறு ஆண்டு பெரிக்ளீஸையும் கொண்டுபோயிற்று. மலைமேல் அவர் கட்டுவித்த கட்டடம் முடிந்து சில ஆண்டுகளுக்குள் கீழே இப்படி.

22 பிப்ரவரி

விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு மெட்ரோவிலேயே போகலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: ஆம், 2022 முதல் மெட்ரோவின் மூன்றாம் தடம் விமான நிலையத்திலிருந்து பிரேயுஸ் வரை நேராகவே ஓடுகிறது, வாடகைக்கார் தேவையில்லை. ஆனால் துறைமுகம் பெரியது. வாயில் எண் சீட்டில் இருக்கும். நிலையத்திலிருந்து அந்த வாயில் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க அம்மாவோடு எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காலைக் கப்பல் என்பதால் 26 இரவு பிரேயுஸிலேயே தங்குவது நல்லது. மாலையில் வெளிச்சம் மிஞ்சினால் பாசலிமானி துறையைச் சுற்றி நடக்கலாம். இன்று உல்லாசப் படகுகள் நிற்கும் அந்த வளைவில்தான் ஏதென்ஸின் போர்க்கப்பல்களுக்கான கொட்டில்கள் இருந்தன. எச்சங்கள் சில அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் இருக்கின்றன. பிரேயுஸ் தொல்லியல் அருங்காட்சியகம் அந்த நேரத்தில் மூடியிருக்கும். 1959இல் சாலையைத் தோண்டியபோது கிடைத்த வெண்கல அப்போலோ அங்கே இருக்கிறார். திரும்பி வரும் வழியில் ஏதென்ஸில் அரை நாள் மிஞ்சினால் அங்கே செலவிடுங்கள்.